பழைய காலண்டரை எடைக்குப் போடாதீங்க: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காகித வேலையைப் பற்றித்தான். அதனால் சமையல் கேள்விகளையும் தையல் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, முழுப் பகுதியையும் கத்தரிக்கும் பசைக்கும் கொடுத்துவிட்டேன். பள்ளியில் பல வருஷம் கைத்தொழில் வகுப்பு எடுத்தவள், இந்த விஷயத்தில் சுருக்கமாகப் பேச எனக்கு வராது. சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, வீட்டில் இரண்டு பொடுசுகள். கடையில் ஸ்கிராப் புக் செட் கேட்டால் யானை விலை சொல்கிறார்கள். வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுங்களா?
– ஒரு அம்மா, கோபிசெட்டிபாளையம்

தாராளமாக முடியுங்க. செட் வாங்குவதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முடிந்துபோன மாதக் காலண்டர், அதன் பின்பக்கம் பளிச்சென்ற வெள்ளை. தேதி கிழிக்கிற காலண்டரின் அட்டை, சாமி படம் போட்டது, ஆல்பத்துக்கு மேலட்டை போட அதைவிட உறுதியானது கிடைக்காது. புதுச் சட்டை மடிப்புக்குள் வைத்திருக்கும் அட்டை, பனியனில் தொங்கும் டேக், ஸ்வீட் டப்பா. அப்புறம் கல்யாணப் பத்திரிகை. நம் பக்கம் வைகாசி, ஆவணி, தை வந்தால் ஒரம்பரை (சொந்தக்காரர்) வீட்டுப் பத்திரிகைகள் மேசையில் குவிந்துவிடும், ஒவ்வொன்றும் ஜெராக்ஸ் தாளைப்போல மூன்று நான்கு மடங்கு கனம், தங்க அச்சு வேறு. இதையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பிள்ளைகள் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

முதல் வேலையாகப் பூ, பொம்மை என்று போகாமல் ஒரு நோட்டுத் தைக்கச் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் பிறகு செய்வதையெல்லாம் ஒட்டிவைக்க ஓர் இடம் கிடைத்துவிடும். எட்டுத் தாளைப் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். வெளியே பத்திரிகை அட்டையோ காலண்டர் தாளோ போடுங்கள். மடிப்பின் மேல் மூன்று ஓட்டை, நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஓட்டை மட்டும் நீங்கள் போட்டுக்கொடுங்கள், கோணி ஊசி போதும். கெட்டி நூலை உள்பக்கமிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே விட்டு, மேல் ஓட்டையில் உள்ளே இழுத்து, உள்ளேயே நடு ஓட்டையைத் தாண்டிக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே வந்து, மறுபடி நடு ஓட்டையில் உள்ளே வர வேண்டும். இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும், நீளமாக ஓடுகிற நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். அவ்வளவுதான். பசையே வேண்டாம், வருஷக்கணக்கில் பிரியாது. ஏழு வயதுப் பிள்ளை இரண்டாவது நோட்டைத் தானாகவே தைத்துவிடும்.

அதில் தினம் ஒரு பக்கம். சந்தைக்குப் போன அன்றைக்குப் பொட்டலம் கட்டின தாள், தோட்டத்தில் கிடந்த மயிலிறகு, வாய்க்காலில் குளித்ததை வரைந்த படம், எது வேண்டுமானாலும் ஒட்டலாம். தேதி மட்டும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

பேத்தி பிறந்தநாளுக்கு அட்டையில் கலர் தாள் ஒட்டி வாழ்த்து செய்தேன். ஒட்டும்போது நன்றாகத்தான் இருந்தது, காலையில் எழுந்து பார்த்தால் அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. பசை சரியில்லையா?
– வாசகி, பெருந்துறை

பசை நல்ல பசைதான். நாரோட்டம் பார்க்காமல் ஒட்டியிருக்கிறீர்கள்.

காகித ஆலையில் கூழ் ஓடிக்கொண்டே இருக்கிற சல்லடை மேல் விழும்போது, வாய்க்கால் தண்ணீரில் வைக்கோல் போகிற மாதிரி நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்ளும். உங்களுக்குப் பக்கத்திலேயே, ஈரோட்டிலிருந்து காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையத்தில் 1960-ல் தொடங்கிய சேஷசாயி காகித நிறுவனம் இருக்கிறது. கரூர் பக்கம் புகளூர் காகிதபுரத்தில் இருப்பது தமிழ்நாடு அரசு 1979-ல் தொடங்கிய டிஎன்பிஎல் காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்குப் பெயர் போனது. மரமோ சக்கையோ, நார் படுக்கிற விதம் ஒன்றுதான்.

வீட்டில் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், கோடு போட்ட மாதிரி நேராக வரும். குறுக்கே கிழித்தால் பாம்பு மாதிரி கோணிக்கொண்டு ஓடும். நேராகக் கிழிந்த திசைதான் நார் ஓடும் திசை. அட்டையைக் கிழிக்க வேண்டாம், நீளவாக்கில் ஒரு தரம், அகலவாக்கில் ஒரு தரம் மெல்ல வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ, அந்த வளைவில் மடிப்பு விழுகிற கோட்டின் திசையிலேயே நார் ஓடுகிறது. மடிப்பையும் அதே திசையில் போட்டால் விளிம்பு வெடிக்காது.

ஈரம் பட்டால் நார் நீளத்தில் வளராது, பருமனில் ஊதும். அதனால் தாள் ஒரு பக்கமாக மட்டும் அகலும். அகன்ற நிலையில் அட்டையில் ஒட்டுகிறீர்கள், இரவில் காய்ந்து சுருங்குகிறது, சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. அட்டையின் நாரும் தாளின் நாரும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்துவிட்டால் இன்னும் மோசம். ஆகவே இரண்டின் நாரும் ஒரே திசையில் இருக்கட்டும், பசையைத் தண்ணீராக்காமல் மெல்லிசாகத் தடவுங்கள், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். வளைந்துபோன அட்டையையும் காப்பாற்றலாம். அதே மாதிரித் தாள் ஒன்றை அதே திசையில் பின்பக்கத்திலும் ஒட்டிப் பாரம் வையுங்கள், இந்தப் பக்கத்து இழுப்பை அந்தப் பக்கத்து இழுப்பு சரிக்கட்டிவிடும். பேத்திக்கு அடுத்த பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மைதா பசை இரண்டே நாளில் நாற்றமெடுக்கிறது. ஒட்டினதை ராமபாணப் பூச்சி அரிக்கிறது. மயில்துத்தம் போடலாமா?
– வாசகர், ராசிபுரம்

துத்தம், அதாவது காப்பர் சல்பேட், வேண்டவே வேண்டாம். பைண்டிங் கடைகளில் அந்தக் காலத்தில் போட்டது உண்மைதான், ஆனால் அது விஷம். பிள்ளைகள் விரலால் பசை தொட்டு ஒட்டுகிற வீட்டில் அதற்கு இடமே கிடையாது.

உங்கள் ஊர்ப்பக்கம் விளைகிற குச்சிக்கிழங்கிலேயே (மரவள்ளி) மைதாவைவிட நல்ல பசை இருக்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற அதே கிழங்கின் ஸ்டார்ச் மாவு கேட்டு வாங்குங்கள். மைதாவில் மாவோடு பசைப்புரதமும் இருக்கிறது, அது சீக்கிரம் கெடும். ஸ்டார்ச்சில் அது கிடையாது, காய்ந்தபின் கறையும் தெரியாது. ஒரு பங்கு மாவை ஆறு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, அப்புறம்தான் அடுப்பில் வைக்க வேண்டும், சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும், பிறகு சட்டென்று இறுகி, வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். அதற்குமேல் இரண்டு நிமிஷம் கிண்டி இறக்கி, ஆறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதம் கை அறியும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள்.

பூச்சிக்கு எந்த மாவுப் பசையும் தீனிதான். ஈரமும் இருட்டும் இல்லாத இடத்தில் வைத்து, மாதம் ஒரு தரம் பக்கங்களைப் புரட்டிவிட்டால் அண்டாது. அட்டையோடு அட்டை ஒட்ட மட்டும் கடையில் விற்கும் வெள்ளைப் பசை நல்லது.

எங்க அமுச்சிக்கு (பாட்டி) வருகிற தை மாதம் 80 வயது. பேரன் பேத்திகள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவேடு செய்து கொடுக்கலாம் என்றிருக்கிறோம். பழைய போட்டோக்களை அதில் ஒட்டலாங்களா? போட்டோ தவிர வேறு என்ன வைக்கலாம்?
– பேத்தி, ஈரோடு

அசல் போட்டோவை மட்டும் ஒட்டவே ஒட்டாதே கண்ணு.

எங்க அப்பாரு நின்றுகொண்டு எடுத்துக்கொண்ட ஒரே ஒரு படத்தை, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஆல்பம் ஒன்று அப்போது விற்றதே, அதில் நான்தான் வைத்தேன். பத்து வருஷத்தில் பக்கமெல்லாம் மஞ்சள் கோடு கோடாகப் பழுத்துவிட்டது. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று எடுத்தபோது வேட்டியும் கையும் பக்கத்தோடு போய்விட்டன. முகம் தப்பியது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். செல்லோடேப்பும் அப்படித்தான், அதன் பசை பழுத்துப் படத்துக்குள் இறங்கிவிடும்.

படங்களையெல்லாம் ஸ்கேன் எடுத்து, பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்டை ஒட்டுங்கள். அசல் தனியாகத் தாள் உறையில் இருக்கட்டும். ஏதாவது ஒரு அசலையாவது வைக்கத்தான் வேண்டும் என்று அமுச்சி ஆசைப்பட்டால், மூலைப் பிடி செய்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலம், நாலு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டுத் தாள். அதன் நடுவிலிருந்து இரண்டு கையையும் கீழே மடித்தால் சின்ன முக்கோணம் கிடைக்கும், வீட்டுக் கூரை மாதிரி. அதைப் போட்டோவின் மூலையில் தொப்பியாகப் போட்டு, பின்பக்கத்தில் மட்டும் பசை தொட்டுப் பக்கத்தில் ஒட்டினால் படத்தின் மேல் ஒரு பொட்டுப் பசைகூடப் படாது, வேண்டும்போது உருவி எடுத்துக்கொள்ளலாம். முன்பே பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படம் இருந்தால் பிய்க்காதீர்கள். தையல் நூலை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்து, படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். நூல் அசையாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு, அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ தவிர என்ன என்று கேட்டாயே, அங்கேதான் நிறைய இருக்கிறது. அமுச்சி கல்யாணத்து மொய் நோட்டு வீட்டில் எங்காவது பரணில் இருக்கும், தேடுங்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், ஐந்து ரூபாய் வைத்தவர் யார், சொந்தம் எதுவரை பரவியிருந்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பழைய இன்லேண்டு கடிதம். தந்தி ஏதாவது இருந்தால் அதைக் கட்டாயம் வையுங்கள், 2013 ஜூலையோடு தந்தி சேவையே நின்றுபோனது, உங்கள் பிள்ளைகள் அதை வேறெங்கும் பார்க்கப்போவதில்லை. பொங்கல் காப்பில் கட்டுகிற பூளைப்பூவும் ஆவாரம்பூவும் ஒரு கொத்து. பூளைப்பூ செடியிலேயே காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆவாரம்பூவைச் செய்தித்தாளுக்குள் வைத்துப் பாரமேற்றி இரண்டு வாரம் விட வேண்டும், நடுவில் தாளை மாற்றுங்கள். இந்தக் காலத்து மெஷின் டிக்கெட்டும் கடை பில்லும் மட்டும் அப்படியே வைக்காதீர்கள், அது சூட்டில் அச்சாகும் தாள், எழுத்து அழிந்து வெறும் தாளாகிவிடும், ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். செய்தித்தாள் துண்டும் அப்படியே, பழுப்பாகி நொறுங்கிவிடும்.

இதையெல்லாம்விட ஒரு காரியம் முக்கியம். ஒட்டுவதற்கு முன்னால் படங்களை எடுத்துக்கொண்டு போய் அமுச்சி பக்கத்தில் உட்காருங்கள். "இது யாருங்க அமுச்சி?" என்று கேட்டு, அவங்க சொல்வதை அவங்க வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். நான் எங்க ஆத்தாவிடம் ஒரு படத்தைக் காட்டினேன், நடுவில் நின்ற ஆட்களை விட்டுவிட்டு, ஓரத்தில் பாதி தெரிகிற மொளக்குச்சியின் மேல் விரலை வைத்து, "இது செவலைக் காளை கட்டின குச்சி, அதை வித்த அன்னைக்கு உங்க அப்பாரு சோறு திங்கல" என்றார். அந்த வரியை நான் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் வெறும் வாசல் படம்தான். முடிந்தால் ஒரு பக்கத்திலாவது அமுச்சியே கைப்பட எழுதட்டும், கையெழுத்து மட்டும் போட்டாலும் சரி.

பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் முதுகுப்புறத்தில் ஒரு அங்குல அகலத்துக்கு அட்டைத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படங்கள் ஒட்டினபின் முன்பக்கம் மட்டும் தடித்து, புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். பொங்கல் வாழ்த்து அட்டையைத் திறந்தால் காங்கேயம் காளை எழுந்து நிற்க வேண்டும். எப்படி?
– மாணவன், காங்கேயம்

அருமையான யோசனை கண்ணு. அட்டையைப் பாதியாக மடி, மடித்தபின் ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். மடிப்பிலிருந்து உள்நோக்கி 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு வெட்டு, இரண்டுக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர். அந்தத் துண்டை முன்னும் பின்னும் மடித்து அழுத்திவிட்டு, அட்டையைத் திறந்து துண்டை உன் பக்கமாகத் தள்ளினால் ஒரு படிக்கட்டு மாதிரி எழும். படியின் முன்முகத்தில் காளையை ஒட்டு, கால் அடியில் படுகிற மாதிரி. காளையின் உயரம் கொம்போடு சேர்த்து ஐந்தரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அட்டையை மூடும்போது படியின் 4 சென்டிமீட்டரும் காளையின் உயரமும் சேர்ந்து படுக்கும், கூட்டினால் 10-க்குள் இருக்க வேண்டும், மீறினால் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டு கவருக்குள் கிழிந்துவிடும். வெட்டு தெரியாமல் இருக்க வெளியே இன்னொரு தாளை ஒட்டிவிடு, படியின் பின்னால் மட்டும் பசை படாமல்.

விசைத்தறி வைத்திருக்கிறோம். காலியான பேப்பர் கோன் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. பிள்ளைகள் விளையாட ஏதாவது ஆகுமா?
– வாசகர், சோமனூர்

நல்ல கோன் என்றால் மில்லுக்கே திரும்ப விற்கலாம், அடிபட்டு நசுங்கியதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அது தாளைப் பல சுற்று சுற்றி ஒட்டினது, கத்தரி போகாது, ஹாக்ஸா பிளேடால்தான் அறுக்க வேண்டும், அதைப் பெரியவர்கள் செய்யுங்கள். பாதியில் அறுத்து, அகலமான பகுதியைக் கவிழ்த்து அட்டையில் ஒட்டினால் பென்சில் டப்பா. முழுக் கோனைக் கவிழ்த்து வைத்து, கலர்த் தாள் சேலையும் பத்திரிகையில் வெட்டின தங்க ஜரிகையும் சுற்றினால் கொலுவுக்குப் பொம்மை ஆகிவிடும், தலைக்கு நசுக்கின காகித உருண்டை. விளக்கு செய்கிறேன் என்று உள்ளே மெழுகுவர்த்தி மட்டும் வைக்க வேண்டாம். எரியும்.

மழைக்காலத்தில் ஆல்பம் முழுக்கப் பூஞ்சை பிடிக்கிறது.
– வாசகி, வால்பாறை

உங்கள் ஊர் மழைக்கு மூடின மர அலமாரி ஆகாது. வெயில் வந்த நாளில் நிழலில் காற்றாட விரித்துவிட்டு, பூஞ்சையை நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்டுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறையாகப் பரவிவிடும். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

சின்ன வயதில் எங்க வீட்டில் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துக் கூடை செய்வார்கள். இப்போது சொல்லித்தர ஆள் இல்லை. பக்குவம் சொல்லுங்களேன்.
– வாசகி, தாராபுரம்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். பஞ்சாரமும் முறமும் ஓட்டை விழுந்தால் இந்தக் கூழால்தான் மெழுகுவோம், தனியாகக் கூடையும் செய்வோம்.

ஒரு கிலோ பழைய தாள், வழவழப்பில்லாத நோட்டுத் தாளும் செய்தித்தாளும். துண்டு துண்டாகக் கிழித்து மூன்று நாள் ஊறவிட்டு, தினம் தண்ணீர் மாற்றுங்கள். வெந்தயம் நூறு கிராம், முதல் நாள் இரவே ஊறப்போட்டு மறுநாள் வழவழவென்று அரையுங்கள். வெந்தயத்தின் கொழகொழப்புத்தான் இதில் பசை, அதன் கசப்புக்குப் பூச்சியும் அவ்வளவாக வராது. காகிதத்தை உரலில் போட்டு இடியுங்கள், சமையல் கிரைண்டரில் போடாதீர்கள், அச்சு மை இறங்கும். நார் நாராகத் தெரியாமல் சப்பாத்தி மாவு பதம் வந்ததும் தண்ணீரைப் பிழிந்து, வெந்தய விழுதைச் சேர்த்துப் பிசையுங்கள். விரலில் எடுத்தால் உதிராமல் ஒட்ட வேண்டும்.

ஒரு குண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றுங்கள், அப்போதுதான் பிறகு கழன்று வரும். அடிப்பாகத்தில் தொடங்கி, உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அரை அங்குல கனத்துக்குத் தட்டிக்கொண்டே இறங்குங்கள். விளிம்பில் இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும், முதலில் உடைவது அதுதான். பங்குனி, சித்திரை வெயில் என்றால் மூன்று நாள் போதும். ஆடிக் காற்றில் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும், அந்த மாதத்தில் செய்ய வேண்டாம். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், மண்பானை மாதிரி டொக்கென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது, மந்தமாகக் கேட்டால் இன்னும் ஒரு நாள். குண்டாவிலிருந்து கழற்றித் துணியை உரித்து, உள்பக்கத்தையும் ஒரு நாள் வெயிலில் காட்டுங்கள். வெடிப்பு இருந்தால் மீதிக் கூழைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, மேலே காலண்டர் தாளைத் துண்டு துண்டாக ஒட்டுங்கள்.

வரமிளகாய், பூண்டு, புளி, நூல்கண்டு எது வேண்டுமானாலும் வைக்கலாம். மாவு, அரிசி மாதிரி நேராக வாய்க்குப் போகிறதை வைப்பதானால் உள்ளே சுத்தமான வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். கழுவக் கூடாது. இந்தக் கூழின் வாசம் ஒரு வாரம் வீடு முழுக்க இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். முதல் கூடை காய்ந்ததும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.